நித்திரையைக் கேட்டறிதல்: புற்றுநோயாளரின் இரவுகளை அளப்பது பற்றி

"ராவைக்கு நித்திர எப்படி?" என்று புற்றுநோய் வந்த ஒருவரிடம் கேட்டால், எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "அல்ஹம்துலில்லாஹ்" என்பதுதான். கேட்டவர் திருப்தியோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்தப் பதில் நன்றி சொல்லும் ஒரு வார்த்தை. நித்திரையைப் பற்றிய தகவல் அதில் ஒன்றும் இல்லை. இரவு முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரும் அதைத்தான் சொல்வார், நிம்மதியாக உறங்கி எழுந்தவரும் அதைத்தான் சொல்வார்.

அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாகப் பல வருடங்கள் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது கிண்ணியா, மூதூர், திருகோணமலை நகரப் பகுதிகளில் புற்றுநோயாளர் இருக்கும் வீடுகளுக்குப் போய்வருகிறேன். அவர்களுடைய கிளினிக் கொப்பிகளைப் புரட்டியிருக்கிறேன். நிறை இருக்கும், இரத்தப் பரிசோதனை முடிவு இருக்கும், மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். நித்திரை பற்றி ஒரு வரி இருப்பது அபூர்வம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நோயாளி சொல்வதில்லை, வைத்தியருக்குக் கேட்க நேரமில்லை. ஆனால் நித்திரையைக் கேட்டு அளப்பதற்கு முறைகள் இருக்கின்றன. அவை நல்ல முறைகள்தாம். நம்முடைய இரவுக்குப் பொருத்திக் கேட்காவிட்டால் அவையே பிழையான விடையைத் தந்துவிடும். அதை விளக்குவதற்கே இக்கட்டுரை.

முதலில், இது ஏன் ஒரு விஷயம்? கீமோதெரபி பெறும் 823 நோயாளரை வைத்து அமெரிக்காவில் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 43 வீதமானோருக்கு நித்திரையின்மை ஒரு நோய் என்று சொல்லும் அளவிலேயே இருந்தது. இன்னும் 37 வீதமளவிலானோருக்கு அதன் அறிகுறிகள் இருந்தன. பொதுமக்களில் காணப்படுவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இது. நித்திரை கெட்டவருக்கு நோவு கூடுதலாகத் தெரியும், களைப்பு கூடும், மனம் சோரும். "இனி என்னால ஏலா, இந்த மருந்து போதும்" என்று பாதியில் விட நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறேன். பல தடவை அந்த "ஏலா"வுக்குள் பத்துப் பதினைந்து நாள் உறங்காத இரவு இருந்தது.

காரணம் ஒவ்வொருவருக்கும் வேறு. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலையின் விளைவு என்று நமக்குத் தெரியும். கழுத்துக்கும் வாய்க்கும் கதிர் கொடுத்த பிறகு உமிழ்நீர் வற்றிவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, மணிக்கொரு தரம் எழும்பித் தண்ணீர் குடிப்பார்கள். பெண்களிடையே அதிகமானது மார்பகப் புற்றுநோய். தமொக்ஸிபன் குளிசை எடுப்பவர்களில் பலருக்கு நடுச்சாமத்தில் உடம்பு திடீரென்று சூடேறி வியர்த்துக் கொட்டும். வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்சாமெதசோன், பொழுது சாய்ந்த பிறகு எடுத்தால் கண்ணை மூடவிடாது. நோவுக் குளிசையின் வேலை நடுராத்திரியில் முடிந்துவிட்டால் நோவுதான் எழுப்பும். இவை எல்லாவற்றுக்கும் மேல் பயம். பகலில் வந்து போகும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அடங்கிக் கிடக்கும் பயம், வீடு அடங்கியதும் எழும்பி உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது அளக்கும் முறைகளுக்கு வருவோம். உலகில் அதிகம் பயன்படுவது பிட்ஸ்பர்க் நித்திரைத் தரச் சுட்டி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டேனியல் பைசியும் அவரது குழுவினரும் உருவாக்கி 1989இல் வெளியிட்டார்கள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 19 கேள்விகள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், கண் அயர எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், உண்மையில் எத்தனை மணித்தியாலம் உறங்கினீர்கள் என்று தொடங்கும். பிறகு உறக்கத்தைக் கெடுத்தது எது என்று வரும்: நோவா, இருமலா, சூடா, குளிரா, கெட்ட கனவா, சிறுநீர் கழிக்க எழும்பியதா? நித்திரைக் குளிசை எடுத்தீர்களா, பகலில் தூங்கி விழுந்தீர்களா என்றும் கேட்கும். விடைகளை ஏழு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடுவார்கள். மொத்தம் 0 முதல் 21. புள்ளி கூடக் கூட நித்திரை மோசம். 5ஐத் தாண்டினால் நித்திரை சரியில்லை என்பது மூல விதி. புற்றுநோயாளரும் உறுப்பு மாற்றம் பெற்றவர்களும் சேர்ந்த 1998ஆம் ஆண்டு ஆய்வொன்று, இப்படியானவர்களுக்கு 8ஐ எல்லையாக வைப்பது பொருத்தம் என்றது. நோயாளி ஒருவர் 6 எடுத்தார் என்பதற்காக யாரும் பதற வேண்டியதில்லை.

அந்த ஏழு பகுதிகளில் ஒன்று நித்திரையின் வினைத்திறன். பெயர் பெரிதாக இருந்தாலும் கணக்கு சின்னது. உறங்கிய நேரத்தைப் படுக்கையில் கிடந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 85 வீதமோ அதற்கு மேலோ என்றால் 0, 75 முதல் 84 வரை 1, 65 முதல் 74 வரை 2, அதற்குக் கீழே 3. இரவு 9.30க்குப் படுத்து விடிய 4.30க்கு எழும்பும் ஒருவர், நடுவில் நான்கு மணித்தியாலம்தான் உறங்கினேன் என்கிறார். நான்கை ஏழால் வகுத்தால் 57 வீதம். புள்ளி 3. கிடந்த நேரத்தில் பாதிக்குக் கிட்ட விழித்துக் கிடந்திருக்கிறார். இந்த விடை சரி.

இனி வேறொருவரை எடுங்கள். நோய் நொடி இல்லாத ஒரு பெரியவர். 9.30க்குப் படுக்கிறார், 10 மணிக்குள் உறங்கிவிடுகிறார். 3 மணிக்கு எழும்பித் தஹஜ்ஜுத் தொழுது, ஓதி, ஸுபஹுக்குப் பள்ளிக்குப் போய், சூரியன் உதித்த பிறகு 6.30 முதல் 8 வரை இன்னொரு நித்திரை. நம் ஊரில் இப்படி எத்தனை பேர்! அவரிடம் "எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், கடைசியாக எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்" என்று மட்டும் கேட்டு எழுதினால் 9.30, 8.00 என்று வரும். பத்தரை மணித்தியாலம் படுக்கையில், உறங்கியது ஆறரை. 62 வீதம், புள்ளி 3. ஆனால் அவர் படுக்கையில் இருந்தது உண்மையில் இரவு ஐந்தரை மணித்தியாலமும் காலையில் ஒன்றரையும், ஆக ஏழு. ஆறரையை ஏழால் வகுத்தால் 93 வீதம். புள்ளி 0. ஒரே மனிதர், ஒரே இரவு. கேட்ட விதத்தில் மோசமான விடையும் வரும், மிகச் சிறந்த விடையும் வரும். இது போதாதென்று, "நடு இரவில் அல்லது அதிகாலையில் விழித்தீர்களா" என்ற கேள்விக்கு வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் என்று அவர் சொன்னால் குழப்பங்கள் என்ற பகுதியிலும் ஒரு புள்ளி ஏறும். வணக்கசாலி ஒருவரை இந்தத் தாள் நித்திரை கெட்டவர் ஆக்கிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். மூதூர்ப் பக்கம் ஒரு மூத்தம்மா. "தஹஜ்ஜுதுக்கு எழும்புறன் மகள், முந்தியப் போல இல்ல, இப்ப ஒவ்வொரு நாளும் எழும்புறன்" என்றார். வீட்டிலிருந்தவர்களுக்கு அதில் சந்தோஷம். நோய் வந்த பிறகு இபாதத் கூடியிருக்கிறது என்று சொன்னார்கள். நான் கேட்டேன்: "நீங்களா எழும்புறீங்களா உம்மா, இல்ல விழிப்பு வந்ததால எழும்புறீங்களா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மணிக்கு நோவு எழுப்பிப் போடும். பிறகு படுத்தாலும் வராது. சும்மா கெடக்குறதுக்கு ரெண்டு ரக்அத் தொழுவமெண்டு." அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் அந்த ஒரு மணி தெரியாது. அடுத்த கிளினிக்கில் சொல்லி, இரவு நோவு மருந்து மாற்றப்பட்டது. தொழுகையை அவர் விடவில்லை. ஆனால் ஒரு மணிக்கு இல்லாமல் நான்கு மணிக்கு எழும்பினார்.

ஆகவே எந்தத் தாளை வைத்துக் கேட்டாலும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எழும்பியது எண்ணத்தினாலா, விழிப்பினாலா? இதை அறபு நாட்டு ஆய்வாளர்களும் யோசித்திருக்கிறார்கள். ரியாத் மன்னர் சவூத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நித்திரை மருத்துவர் அஹ்மத் பாஹம்மாம், இஸ்லாமியப் பார்வையில் நித்திரை என்ற பொருளில் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸுபஹ், கைலூலா என்று பிரிந்து வரும் நித்திரையை அதில் பேசுகிறார். நித்திரைக்குக் குர்ஆனில் வரும் வெவ்வேறு சொற்களையும், சினா, நுஆஸ், ருகூத், ஸுபாத் என்று எடுத்துக்காட்டுகிறார். இலேசான அயர்வு முதல் நீண்ட உறக்கம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்.

சொல் என்றதும் இன்னொன்று. தமிழில் மொழிபெயர்த்த கேள்வித்தாள் ஒன்றில் எல்லா இடத்திலும் "தூக்கம்" என்றிருந்தது. தமிழ்நாட்டில் அது சரியாக இருக்கும். நம் பக்கத்தில் நித்திரை வேறு, தூக்கம் வேறு. "தூக்கமா இரிக்கி" என்றால் கண் சொருகுகிறது என்று அர்த்தம். பகலில் உட்கார்ந்தபடி தலை ஆடுவதுதான் நமக்குத் தூங்குவது. "உங்கள் தூக்கம் எப்படி?" என்று கேட்டால் ஒருவர் இரவு நித்திரையைச் சொல்வார், மற்றவர் பகல் மயக்கத்தைச் சொல்வார். மோர்பின் எடுப்பவரிடம் இந்த வித்தியாசம் பெரிது. பகலெல்லாம் தூங்கி விழுகிறவர் இரவில் நித்திரையே இல்லாதவராக இருக்கலாம். பிட்ஸ்பர்க் சுட்டியின் சிங்கள வடிவம் கொழும்பில் சரிபார்க்கப்பட்டு 2016இல் இலங்கை மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. மொழிபெயர்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காமல், நம்மவர்களிடம் கேட்டுப் பார்த்துச் சரிசெய்வதுதான் சரிபார்ப்பு என்பது. கிழக்கு மாகாணத்துத் தமிழுக்கு அந்த வேலையை எடுத்துச் செய்ய நம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் முன்வர வேண்டும். நல்ல ஆய்வுப் பொருள்.

பகல் தூக்கத்தை மட்டும் அளக்க எப்வர்த் அளவுகோல் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் மரே ஜோன்ஸ் 1991இல் வெளியிட்டது. எட்டு நிலைமைகளைச் சொல்லி, அவற்றில் கண் அயர்ந்துவிடுவீர்களா என்று கேட்கும். வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பின்னேரம் சாய்ந்திருக்கும்போது என்று போகும். ஒரு கேள்வி, மது அருந்தாமல் பகல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கையில் என்று வரும். நம்மிடம் வாசித்துக் காட்டினால் சிரிப்பார்கள் அல்லது கோபப்படுவார்கள். இன்னொன்று, வாகன நெரிசலில் கார் சில நிமிடம் நிற்கையில். தோப்பூர் ஹாஜியாருக்கு அது என்ன அனுபவம்? கேட்கிறவர் இடத்துக்கு ஏற்ப விளக்க வேண்டியிருக்கும். ஆளாளுக்கு ஒரு விதமாக விளக்கினால் புள்ளிகளை ஒப்பிட முடியாமல் போகும் என்ற சங்கடமும் உண்டு.

கனடாவில் சார்ல்ஸ் மொரின் உருவாக்கிய நித்திரையின்மைத் தீவிரச் சுட்டி இன்னும் சுருக்கம். ஏழே கேள்விகள், 0 முதல் 28 வரை. படுத்ததும் நித்திரை வரவில்லையா, இடையில் விழிப்பா, வேளைக்கே விழிப்பா, அதனால் எவ்வளவு மனவருத்தம் என்று கேட்கும். மணிக்கணக்கு தெரியாத மூத்தவர்களிடம் எனக்கு இதுதான் இலகுவாக இருக்கிறது. பிட்ஸ்பர்க் ஒரு மாதத்தைக் கேட்க, இது கடந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்கிறது.

அந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. பல கீமோ மருந்துகள் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கப்படுகின்றன. முதல் நாலைந்து நாள் நித்திரை குலைந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும். "கடந்த ஒரு மாதத்தில் பொதுவாக" என்று கேட்டால் கெட்ட நாளும் நல்ல நாளும் ஒன்றாகக் கலந்து, ஒன்றும் தெரியாத ஒரு நடுத்தர விடை வரும். ஆகவே எந்த நாளில் கேட்டோம், கீமோவுக்குப் பிறகு எத்தனையாவது நாள் என்று தாளின் ஓரத்தில் குறிக்க வேண்டும். நோன்பு மாதத்தையும் குறிக்க வேண்டும். நோயாளி நோன்பு பிடிக்காவிட்டாலும் வீடு முழுக்க ஸஹருக்கு எழும்பும்போது அவரும் விழிப்பார். ஷவ்வால் முதல் வாரத்தில் "கடந்த ஒரு மாதம்" என்று கேட்டால் அது றமழானைத்தான் அளக்கும்.

பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை வைத்தியசாலைக்குப் போகப் பாதையில் ஏறி இறங்கியவர்கள் நாங்கள். இப்போது பாலம் இருக்கிறது. ஆனாலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ போய், காலையில் வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் அங்கே வைத்து நித்திரையைக் கேட்டால், அவர் நேற்றைய பஸ்ஸைத்தான் சொல்வார். வீட்டில் வைத்துக் கேட்பதே நல்லது. வீட்டிலும் காலம் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் கரண்டும் போனால், நோயில்லாதவனுக்கே நித்திரை கிடையாது. கேள்வித்தாளில் "சூடு" என்ற வரிக்கு நேரே 3 போட்டிருந்தால் வாங்க வேண்டியது ஒரு ஃபேன். நித்திரைக் குளிசை இல்லை.

கருவி வைத்து அளக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். தலையில், கண்ணோரத்தில், தாடையில் கம்பிகள் ஒட்டி, மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம், மூச்சு எல்லாவற்றையும் இரவு முழுக்கப் பதியும் பரிசோதனைதான் இருப்பதில் துல்லியமானது. கீமோவுக்கே 250 கிலோமீற்றர் போகிறவருக்கு அது எட்டாக்கனி. மணிக்கட்டில் கட்டும் கருவி அசைவை வைத்துக் கணக்குப் பார்க்கும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் மணிக்கூடுகளும் பெரும்பாலும் அதே வழிதான். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அசையாமல் விழித்துக் கிடப்பவரை அது உறங்குகிறார் என்று எழுதும். புரண்டால் நோகும் என்று மரக்கட்டை போலக் கிடக்கும் நோயாளிக்கு அது எட்டு மணித்தியால நித்திரை காட்டும். இந்த விஷயத்தில் நான் மணிக்கூட்டை விட நோயாளியின் வாயைத்தான் நம்புவேன்.

நோயாளியின் வாயோடு இன்னொருவரின் கண்ணும் வேண்டும். பிட்ஸ்பர்க் தாளின் கடைசியில், கூடப் படுப்பவரிடம் கேட்க ஐந்து கேள்விகள் உள்ளன. குறட்டை, மூச்சு நின்று வருதல், கால் உதறல், எழும்பித் திகைத்தல் போன்றவை. அவற்றுக்குப் புள்ளி கிடையாது, மருத்துவருக்குத் தகவல் மட்டும். நம் வீடுகளில் அந்த ஆள் கணவனோ மனைவியோ ஆக இருப்பது குறைவு. நோய் வந்ததும் பக்கத்தில் பாய் போடுவது மகள், அல்லது ராத்தா, அல்லது பேத்தி. அவரைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அப்படியே அவருடைய நித்திரையையும் கேளுங்கள். அதை யாரும் கேட்பதில்லை.

அளந்து என்ன செய்வது? மொத்தப் புள்ளியை விட எந்தப் பகுதியில் புள்ளி ஏறியிருக்கிறது என்பதே வழி காட்டும். நோவு என்றால் நோவு மருந்தின் நேரத்தையும் அளவையும் வைத்தியர் பார்ப்பார். டெக்சாமெதசோன் என்றால் காலையில் எடுக்கலாமா என்று கேட்கலாம், நாமாக மாற்றக் கூடாது. படுத்ததும் வராத, மாதக்கணக்கான நித்திரையின்மைக்கு முதலில் தர வேண்டியது பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்படுத்தும் பேச்சுச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. நித்திரை வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, வராவிட்டால் எழும்பி வேறிடத்தில் இருப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழும்புவது அதன் சில பகுதிகள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்த நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். மோர்பினோடு அது சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

தாள் கிடைக்காதவர்களுக்கு ஒரு கொப்பி போதும். நித்திரை நாட்குறிப்பு என்று ஆய்வாளர்கள் சொல்வதும் இதைத்தான். 2012இல் அதற்கு ஒரு பொது வடிவமும் உருவாக்கினார்கள். நான் அதை வக்துகளுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். மணி பார்க்காத மூத்தம்மாவும் பாங்கை மறக்கமாட்டார். இஷாவுக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் படுத்தார், உடனே வந்ததா, எத்தனை தடவை விழித்தார், எது எழுப்பியது, ஸுபஹ் பாங்கு கேட்கும்போது உறக்கமா விழிப்பா, ஸுபஹுக்குப் பின் படுத்தாரா, லுஹருக்கு முன்போ பின்போ கண் அயர்ந்தாரா. ஒரு நாளைக்கு ஒரு வரி. எழுதுவதைக் காலையில் எழுத வேண்டும், பின்னேரமானால் மறந்துவிடும். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை எழுதலாம், எழுத்து வைத்தியருக்கு விளங்கினால் சரி. இரண்டு வாரம் எழுதியதும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், மருந்துச் சீட்டுக்கு மேலே, தெரியும்படி குத்தி வையுங்கள்.